நல்லெண்ணெயில் கலந்த நஞ்சும் நரம்பைக் காக்கும் நொதியமும்

1977, 1978 ஆம் ஆண்டுகளில் எமது மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலே பூப்பெய்தும் பருவத்துத் தமிழ்ச் சிறுமியர் இருபதுக்கும் மேற்பட்டோர் கால்கள் செயலிழந்து நடமாட முடியாதவராயினர். கால்கள் துவண்டு விழும் நோய் என்றால் அக்காலத்தில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இளம்பிள்ளைவாதமே. ஆனால் தொற்றுக் கிருமி ஒன்று இவ்வாறு ஆள் தெரிந்து தாக்குவதில்லை. அண்ணனை விட்டுவிட்டுத் தங்கையை மாத்திரம், அதுவும் அவள் பெரியபிள்ளையான வேளை பார்த்து, அதுவும் ஒரே சமூகத்தில் மாத்திரம் பற்றுகின்ற கிருமி எங்கும் இல்லை. ஆகவே இச்சிறுமியர் அனைவருக்கும் பொதுவாயிருந்து ஏனையோருக்கு இல்லாதிருந்த ஒன்றையே தேட வேண்டியிருந்தது.

அந்த ஒன்று நல்லெண்ணெய். பூப்பெய்திய பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது எமது வழக்கம். லயன் அறைகளில் வாழ்ந்தோர் தமக்கு வாங்காவிட்டாலும் அந்த நாட்களிலே மகளுக்காக ஒரு போத்தல் நல்லெண்ணெயை எப்பாடுபட்டேனும் வாங்கினர். வீட்டிலுள்ள மற்றவர்கள் தேங்காயெண்ணெயில் சமைத்துண்ண, அவளுக்கு மாத்திரம் நாள்தோறும் நல்லெண்ணெய் கிடைத்தது. அன்பினால் கொடுக்கப்பட்ட அந்த எண்ணெயிலேதான் ட்ரைகிரீசைல் பொஸ்பேற்று என்னும் கைத்தொழில் இரசாயனம் கலந்திருந்தது. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமல் சேனாநாயக்கவும், தொழில்சார் சுகாதாரத் துறையில் பெயர்பெற்ற ஜெயரத்தினமும் இதனைக் கண்டறிந்து 1981 இல் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். யாரோ வேண்டுமென்று கலந்ததாக அவர்கள் கூறவில்லை. முன்னர் கனிய எண்ணெய் நிரப்பப்பட்டிருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெய் ஏற்றப்பட்டபோது இந்த நஞ்சு கலந்திருக்கக்கூடும் என்பதே அவர்களது முடிவு.

ஹந்தானை மலைச்சரிவின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழேயே அமைந்துள்ள அப்பல்கலைக்கழகம் இந்நோய் குறித்து உலகிற்குச் சொன்ன செய்தி வெளிநாட்டு மருத்துவ நூல்களிலெல்லாம் இடம்பெற்றுவிட்டது. அந்தச் சிறுமியரின் சொந்தச் சமூகத்திலோ அதனை அறிந்தோர் சிலரே. ஆதலால் இதனை இன்று சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றோம். அச்சிறுமியரின் உடலில் அந்த நஞ்சு எதனைத் தாக்கியது என்பது அக்காலத்தில் அரைகுறையாகவே விளங்கியிருந்தது. இன்று அது பெருமளவு தெளிவாகிவிட்டதுடன், நஞ்சே உண்ணாத சில குடும்பங்களின் துயருக்கும் விடையாக அமைந்துள்ளது.

முட்டையின் மஞ்சட்கருவில் கோலின் என்னும் போசணைப் பொருள் மிகுதியாக உண்டு. எமது உடல் அதனைக் கொழுப்போடும் பொஸ்பேற்றோடும் இணைத்து பொஸ்பற்றிடைல்கோலின் என்ற பொருளை ஆக்குகின்றது. லெசித்தின் என்று பலரும் அறிந்திருப்பது இதுவே. லெசித்தின் என்ற பெயரே மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. உடலின் ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்துள்ள மென்சவ்வின் பெரும்பகுதி இப்பொருளினால் ஆனது. வீட்டுச் சுவருக்குக் கல் எப்படியோ கலத்திற்கு இது அப்படி. ஆனால் சுவரைக் கட்டினால் மாத்திரம் போதாது. பழுதுபட்டதையும் மிகையானதையும் அவ்வப்போது அகற்றவும் வேண்டும். பொஸ்பற்றிடைல்கோலினிலிருந்து கொழுப்பமிலங்களைக் கழற்றி, அதனைக் கிளிசரோபொஸ்போகோலின் என்னும் நீரில் கரையக்கூடிய சிறிய பொருளாக்கிவிடும் நொதியம் ஒன்று நரம்புக் கலங்களில் இப்பணியைச் செய்கின்றது. நொதியம் என்பது உடலின் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம் என்பதை வாசகர் அறிவர்.

இந்த நொதியத்துக்கு இடப்பட்டுள்ள பெயர் விசித்திரமானது. நரம்புநோய் இலக்கு எஸ்தரேஸ் என்பர். அது செய்யும் வேலையைக் கொண்டு அதற்குப் பெயர் வைக்கவில்லை. நஞ்சு அதனைக் குறிவைக்கின்றது என்பதைக் கொண்டே பெயர் வைத்தனர். காரணம், அதன் வேலை என்னவென்று பெயரிட்டவர்களுக்கே அன்று தெரியாது. பிரித்தானிய விஞ்ஞானி மார்ட்டின் ஜோன்சன் 1969 இல் கோழிகளின் மூளையில் இதனைக் கண்டார். எலிகள் இந்த நஞ்சுக்கு இலகுவில் பணிவதில்லை. வளர்ந்த கோழிகளோ மனிதரைப் போலவே சில வாரங்களில் கால் தளர்ந்துவிடும். அதனாலேயே இன்றுவரை இவ்வகை இரசாயனங்களைக் கோழிகளைக் கொண்டு சோதிக்கின்றனர். மூளையிலுள்ள இந்நொதியத்தில் சுமார் 70 வீதத்திற்கு மேற்பட்ட பகுதி முடக்கப்பட்டால் கோழி நடை இழக்கின்றது என்று கண்டனர். நொதியத்தின் உண்மையான பணி பொஸ்பற்றிடைல்கோலினைச் சிதைப்பதே என்பது 2004 ஆம் ஆண்டளவிலேயே உறுதியாயிற்று. சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் இதற்கு வேலையுண்டு. உப்புச் செறிவு மிகுந்த அவ்விடத்தில் கலங்கள் சுருங்கிவிடாமல் காக்கும் பொருள்களுள் கிளிசரோபொஸ்போகோலினும் ஒன்றாகும்.

ட்ரைகிரீசைல் பொஸ்பேற்று குடலிலிருந்து ஈரலை அடைந்ததும் அங்கு முன்னையதிலும் கொடிய பொருளாக மாறி, இந்நொதியத்தின் செயற்படும் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டிய பின்னர் நஞ்சின் ஒரு பகுதி கழன்று விழ, எஞ்சிய பகுதி கழற்றவே முடியாதவாறு இறுகிவிடுகின்றது. பூட்டுக்குள் முறிந்த திறப்பைப் போன்றது இது. இறுகாமல் வெறுமனே ஒட்டும் பொருள்களால் இந்நோய் உண்டாவதில்லை என்பதையும் ஜோன்சன் காட்டினார். இத்தனையும் மணித்தியாலக் கணக்கில் நடந்து முடிந்துவிடும். ஆயினும் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அவள் உண்பாள், உறங்குவாள், சிரிப்பாள். இரண்டு, மூன்று வாரங்கள் சென்ற பின்னரே கெண்டைக்கால் நோகத் தொடங்கும். பின்பு பாதம் தொங்கும். அதன் பின் கைகளும் வலுவிழக்கும். நரம்புக் கலங்களுள் மிக நீண்ட இழைகளையுடையவையே முதலில் நலிவதால்தான் கால்களிலிருந்து நோய் தொடங்குகின்றது. இடுப்புக்கு அண்மையிலிருந்து பாதம்வரை நீளும் ஓர் இழைக்குத் தேவையானதையெல்லாம் முண்ணாணில் இருக்கும் ஒரு சிறு கலமே அனுப்பியாக வேண்டும். அனுப்பும் ஒழுங்கு குலைந்தால் கடைக்கோடியே முதலில் வாடும். மலையகத்தில் வாழும் எமக்கு இது புதிதன்று. குழாய்நீர் குறைந்தால் முதலில் வரளுவது கடைசி லயனே.

சேனாநாயக்க அச்சிறுமியரை மூன்றாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார். கைகால் நரம்புகளுக்குக் காலப்போக்கில் மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு. மூளையிலிருந்து முண்ணாண் வழியே இறங்கும் இழைகளுக்கோ அந்த ஆற்றல் இல்லை. அந்த இழைகளும் பாதிக்கப்பட்டிருந்தன என்பது அவரது ஆய்வின் முக்கியமான முடிவுகளுள் ஒன்று. தளர்ந்த கால் தேறிவரும்போது அதற்குள் மறைந்திருந்த விறைப்பு வெளிப்படுவது இந்நோயின் இயல்பு. பிள்ளை எழுந்து நடக்கிறாளே என்று வீட்டார் மகிழும்போது நடை விறைத்ததாக இருக்கும். அன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதாயிருந்த ஒருவர் இன்று அறுபதை அண்மித்த மூதாட்டியாக இருப்பார். கொழுந்து பறிக்கும் தொழிலில் சரிவான மலையில் நாள் முழுதும் நின்று நடக்க வேண்டியவருக்குக் கால் என்பது என்னவென்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் மலையக மக்களுள் பெருந்தொகையினர் குடியுரிமையே இல்லாதிருந்தனர் என்பதையும் நினைவிற்கொள்ளுதல் தகும்.

இத்துயரம் எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1930 இல் ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையிலிருந்த வேளை, மதுவுக்குப் பதிலாகக் குடிக்கப்பட்ட இஞ்சிச் சாற்றில் இதே இரசாயனம் கலக்கப்பட்டு பல்லாயிரவர் முடமாயினர். 1959 இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான இயந்திரங்களுக்குரிய எண்ணெயைச் சமையல் எண்ணெயுடன் கலந்து விற்றனர் சில வியாபாரிகள். சுமார் பத்தாயிரம் பேர் கால் வழங்காதோராயினர். அவர்களுள் பெரும்பாலோர் மலிவான எண்ணெயை நாடிய ஏழை முஸ்லிம்கள். 1988 இல் கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியில் பங்கீட்டுக் கடையில் வாங்கிய எண்ணெயால் பல நூறு பேருக்கு இதே கதி நேர்ந்தது. அமெரிக்காவிலும் மெக்னெஸிலும் இலாபத்திற்காகத் தெரிந்தே கலந்தனர். எமது மலையகத்தில் அத்தகைய சதி இருந்ததாகத் தெரியவில்லை. கழுவப்படாத ஒரு பீப்பாவே போதுமானதாயிருந்தது. கெட்டவரைப் பிடித்துத் தண்டித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று இங்கு சொல்வதற்கில்லை என்பதால், இது ஒருவகையில் சதியைக் காட்டிலும் அச்சந் தருவதாகும்.

இங்கு வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: தோட்டங்களிலும் மரக்கறிப் பாத்திகளிலும் தெளிக்கப்படும் பீடைகொல்லிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை அல்லவா? ஆம். அவற்றுட் பல சேதனப் பொஸ்பேற்று வகையினவே. ஆனால் அவை முதலில் தாக்குவது வேறொரு நொதியத்தை. நரம்பு தசைக்குக் கட்டளையிடும்போது அசற்றைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. கட்டளை முடிந்ததும் அதனைக் கோலினாகவும் அசற்றிக் அமிலமாகவும் உடைத்து ஓயச் செய்வது அசற்றைல்கோலினெஸ்தரேஸ். இது முடங்கினால் கட்டளை ஓயாது. வாயில் நுரை, வியர்வை, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் என்பன சில மணித்தியாலங்களுக்குள்ளேயே தோன்றும். அற்றோப்பின் மருந்து இவற்றுட் பலவற்றைத் தணிக்கும்.

ஒரே நஞ்சு இவ்விரு நொதியங்களையும் தாக்கக்கூடும் என்பதையும் கண்டியிலிருந்தே உலகம் கற்றது. மெத்தமிடோபொஸ் என்ற பீடைகொல்லியின் நஞ்சிலிருந்து உயிர் தப்பியோருக்குச் சில வாரங்களின் பின் கால் நரம்பு நலிவதைச் சேனாநாயக்கவும், மேலே நாம் குறிப்பிட்ட ஜோன்சனும் இணைந்து 1982 இல் அறிவித்தனர். 1987 இல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் இன்னொன்றைக் கண்டனர். முதற்கட்ட அறிகுறிகள் தணிந்து நோயாளி தேறிவிட்டார் என்று எண்ணும் வேளை, நஞ்சேறிய 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள், கழுத்தைத் தூக்க இயலாமற் போகின்றது. தோளும் தொடையும் சோர்கின்றன. மூச்சுத் தசைகள் நின்றுவிடுகின்றன. அவர்கள் விவரித்த பத்து நோயாளருள் நால்வருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, மூவர் இறந்தனர். முதற்கட்டத்திற்கும் பிந்திய நரம்புநோய்க்கும் இடைப்பட்டதாகையால் இடைநிலைக் கூட்டறிகுறி என்று அவர்கள் இட்ட பெயரே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நஞ்சேறியவரை ஒரே நாளில் வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்று வைத்தியர்கள் மறிப்பது இதனாலேயே. மெத்தமிடோபொஸ் 1995 இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அந்தப் பத்து நோயாளரிடம் கண்ட மற்ற மருந்துகளுள் மொனோகுரோட்டோபொஸ் அதே ஆண்டிலும், டைமெத்தோயேற்று, பென்தியன் ஆகியன 2008 க்குப் பின்னரும் விலக்கப்பட்டன. இத்தடைகளால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம்.

இனி, நஞ்சே உண்ணாதவர்களின் கதை. மேற்கூறிய நரம்புநோய் இலக்கு எஸ்தரேஸை ஆக்குவதற்கான கட்டளை எமது 19 ஆவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகில் எழுதப்பட்டுள்ளது. பழ ஈக்களில் இதையொத்த பரம்பரையலகு கெட்டால் மூளையில் பாற்கட்டியிலுள்ளவை போன்ற ஓட்டைகள் விழுவதை 1997 இல் கண்டனர். சுண்டெலிகளில் இதனை முற்றாக நீக்கினால் கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றது. மூளையில் மாத்திரம் நீக்கினால் பொஸ்பற்றிடைல்கோலின் தேங்கி நரம்புக் கலங்கள் சிதைகின்றன. மனிதரைப் பற்றிய செய்தி 2008 இல் வந்தது. சிறுவயதிலிருந்தே கால்கள் சிறிதுசிறிதாக விறைத்து, பின்னர் கைகால் தசைகள் தேய்ந்த சிலரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, அவர்களது குடும்பங்களில் இப்பரம்பரையலகே பழுதுபட்டிருந்தது. அந்நோயின் குறிகள் நஞ்சூட்டப்பட்ட எண்ணெயை உண்டவர்களது குறிகளையே ஒத்திருந்தன. உண்ட நஞ்சு சில வாரங்களில் செய்ததைப் பிறவிக் குறைபாடு பல்லாண்டுகளில் செய்திருந்தது.

2014 இலும் அதற்குப் பின்னரும் வேறு சில நோய்களும் இதே பரம்பரையலகுடன் தொடர்புபடுத்தப்பட்டன. நடை தள்ளாடுதல், விழித்திரை சிதைந்து பார்வை மங்குதல், மூளையடியிலுள்ள கபச்சுரப்பி போதிய ஓமோன்களைச் சுரக்காமையால் உரிய வயதில் பருவமடையாமை என்னும் மூன்றும் சேர்ந்து காணப்படுவது அவற்றுள் ஒன்று. வளர்ச்சி குன்றி, இமைமயிர் மாத்திரம் அசாதாரணமாக நீண்டு வளர்வது மற்றொன்று. இவையெல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற தனித்தனி நோய்கள் என்றே பல்லாண்டுகளாக எண்ணப்பட்டன. இவை மிக அரியவை என்பதை அழுத்திக் கூற விரும்புகின்றோம். கால் நோகும் ஒவ்வொருவரும் இதனை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

அரியவையாயினும் எமது சமூகங்களில் இவற்றைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. இந்நோய்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் மாத்திரமே தோன்றுவன. ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர் நலமாகவே வாழ்வார். தாம் சுமப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கான சாத்தியம் நான்கில் ஒன்று. உறவினர் தமக்குள் மணக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்புக் கூடுகின்றது. மலையகத் தமிழரிடையே மாமன் மகளை மணப்பது மாத்திரமன்றி அக்காள் மகளை மணக்கும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. இஸ்லாம் உடன்பிறந்தாளின் மகளை மணப்பதைத் தடுக்கின்றது. ஆயினும் ஒன்றுவிட்ட சகோதர உறவில் மணம் செய்வது கண்டியைச் சூழவுள்ள முஸ்லிம் கிராமங்களிலும் அறியாததன்று. உறவுத் திருமணங்களில் பிறக்கும் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். ஆகையால் எவரது திருமணத்தையும் பழிப்பது எமது நோக்கமன்று. ஆனால் நடை விறைத்த, பார்வை மங்கிய, உரிய வயது கடந்தும் பருவமடையாத ஒரு பிள்ளை குடும்பத்தில் இருக்குமாயின், அடுத்த திருமணப் பேச்சுக்கு முன் பரம்பரை நோய் ஆலோசனை பெறுதல் விவேகமானது. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனிதப் பரம்பரையியல் பிரிவு 1983 முதல் இத்துறையில் இயங்கி வருகின்றது. நோயை முற்றாக மாற்ற மருந்தில்லை என்பது உண்மையே. எனினும் ஓமோன் சிகிச்சையால் வளர்ச்சியையும் பருவ மாற்றத்தையும் ஏற்படுத்தலாம். உடற்பயிற்சிச் சிகிச்சையால் கால்களின் இறுக்கத்தைக் குறைக்கலாம். பருவமடையாத பெண்ணைத் தோஷமுள்ளவள் என்று ஒதுக்கிவைப்பதனால் இவ்விரண்டும் அவளுக்குக் கிட்டாமற் போகின்றன.

நல்லெண்ணெய்க்கு மீளுவோம். 1977 இல் நடந்ததைக் கேட்டதும் பூப்பு வழக்கத்தையே குறைகூறுவோர் இருக்கக்கூடும். அது நியாயமன்று. நல்லெண்ணெயும் முட்டையும் நல்ல உணவுகளே, குற்றம் பீப்பாவினுடையது. ட்ரைகிரீசைல் பொஸ்பேற்று இன்றும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும், நீரியல் இயந்திர எண்ணெய்களிலும் மசகெண்ணெய்களிலும் உலகெங்கும் பயன்படுகின்றது. அதற்கு நிறமோ கவனத்தை ஈர்க்கும் மணமோ இல்லை. எண்ணெயில் முற்றாகக் கரைந்துவிடும். சமையல் வெப்பத்தில் அழியாது. சுவைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் மாசுற்ற உணவை விற்பதைத் தடைசெய்கின்றது. ஆயினும் 2021 இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அப்லடொக்சின் நஞ்சு காணப்பட்டு நாடே பரபரப்படைந்தது. துறைமுகத்தில் பிடிபடுவது பெரிய தாங்கி. தோட்டக் கடையின் மூலையில் உள்ள பழைய கானையும், அதிலிருந்து நூறு மில்லிலீற்றர், இருநூறு மில்லிலீற்றர் என்று அளந்து ஊற்றப்படும் எண்ணெயையும் பொதுச் சுகாதார பரிசோதகர் கண்டால்தான் உண்டு. பொருளாதார நெருக்கடியின் பின்னர் முத்திரையிட்ட போத்தலை வாங்க இயலாதோர் தொகை பெருகிவிட்ட நிலையில், சில்லறை எண்ணெயை வாங்கவேண்டாம் என்று வெறுமனே உபதேசிப்பது ஏழைகளைப் பரிகசிப்பதாகும். உணவு எண்ணெய்க்கென்றே தனிக் கொள்கலன் வைத்திருக்குமாறு கடைக்காரரைக் கேட்பதும், மசகெண்ணெய், பீடைகொல்லி என்பன இருந்த கானை வீட்டுக்குக் கொண்டுவராதிருப்பதும் எவருக்கும் இயலக்கூடியவை. வெறுமையான கானைத் துளையிட்டு அப்புறப்படுத்தும் பொறுப்பு தோட்ட நிர்வாகங்களுக்கு உரியது.

ஒரே வீட்டிலோ ஒரே லயனிலோ இருவர் மூவருக்கு அடுத்தடுத்துக் கெண்டைக்கால் நொந்து பாதம் தொங்குமாயின், வைத்தியரிடம் அன்றைய உணவைப் பற்றி மாத்திரம் சொல்வது போதாது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் எந்த எண்ணெயை எங்கே வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். இரத்தத்தின் வெண்குருதிக் கலங்களிலும் இந்நொதியம் இருப்பதால் அதனை அளக்க முடியும். ஆனால் நஞ்சுண்ட முதற் சில நாட்களில்தான் அளவு குறைந்து காணப்படும். கால் சோர்ந்து வைத்தியசாலைக்கு வரும் வேளையில் உடல் புதிய நொதியத்தை ஆக்கி முடித்திருக்கும். இரத்தம் ஒன்றையும் காட்டாது. அப்போது சாட்சியாக எஞ்சியிருப்பது போத்தலின் அடியில் மீந்துள்ள எண்ணெய் மாத்திரமே. அதனைக் கொட்டிவிடாமல், போத்தலை நன்கு மூடி வைத்தியரிடமோ பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ ஒப்படைக்க வேண்டும்.